கால் விரலின் விலை என்ன?

பத்தமடை என்று சொன்னவுடன் நம்மவருக்கு நினைவு வருவது பாய்தான். கல்யாணச் சீர்வரிசையில் மணமகன் பெயரும் மணமகள் பெயரும் சேர்த்து நெய்த பத்தமடைப் பாய் ஒன்று இருந்துவிட்டால் போதும். சம்பந்தி வீட்டார் வேறு எதில் குறை கண்டாலும் அதில் குறை காணமாட்டார்கள்! 1953ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து எலிஸபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குக்கூட இவ்வூர்ப் பாய் காணிக்கையாகப் போயிற்று என்று ஊரார் பெருமையுடன் சொல்வார்கள்.

அந்தப் பாயைப் பற்றி எழுதலாம் என்ற எண்ணத்துடன்தான் நாமும் பத்தமடைக்குப் போயிருந்தோம். ஆனால் திரும்பி வரும்போது நம் மனத்தில் நிறைந்திருந்தது பாய் அல்ல. ஒரு கால் விரல். அந்த விரலின் கதையையே இங்கே நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

உம்மாவும் மகனும்

பாய் நெய்யும் அம்மையார் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் நாம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே தரையோடு தரையாகத் தறி இருந்தது. ஆற்றங்கரையில் அறுத்த கோரையைக் கத்தியால் மெல்லியதாகக் கிழித்து, வெயிலில் உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறப்போட்டு, மறுபடியும் உலர்த்தி, சாயம் ஏற்றி, பிறகுதான் தறிக்குக் கொண்டுவருகிறார்கள். நூல் பாவுக்குள்ளே ஒவ்வொரு கோரையாகச் செலுத்தி அடித்துச் சேர்க்க வேண்டும். நயமான பாய் ஒன்று முடியப் பல வாரங்கள் பிடிக்கும். அவ்வளவு நாளும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே வேலை. அம்மையாரின் விரல்களில் கத்தி பட்ட தழும்புகளை எண்ணி முடியாது. எழுந்து நிற்க வேண்டுமானால் சுவரைப் பிடித்துக்கொள்கிறார்.

"இந்தத் தொழிலில் உங்கள் பிள்ளைகள் யாரும் இல்லையா, அம்மா?" என்று கேட்டோம்.

"எனக்குப் பட்ட பாடு போதும், ஐயா! புள்ளையாவது நிமிர்ந்து நின்னு வேலை செய்யட்டும்னுதான் தூத்துக்குடிக்கு அனுப்பினேன்" என்றார்.

அப்போது உள்ளேயிருந்து இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் வந்தார். நடையில் இலேசான சாய்வு இருந்தது. இடது காலில் பெருவிரல் இல்லை.

2023ஆம் ஆண்டில் நடந்த விபத்து அது. சரக்குக் கிடங்கு ஒன்றில் மேஸ்திரி மூலமாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். கிடங்கில் மொத்தம் எட்டே பேர். ஒரு நாள் மாலை, அடுக்கின் ஓரமாக நின்று மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். போர்க்லிப்ட் என்னும் பாரந்தூக்கி வண்டி அருகில் வந்து திரும்பிற்று. வண்டியின் முன்பக்கம் அவரைத் தாண்டிப் போய்விட்டது. 'போய்விட்டது' என்று அவர் நினைத்த அந்தக் கணத்தில் அதன் பின்பக்கம் சுழன்று வந்து காலின்மேல் ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரிச் செலவைக் கிடங்குக்காரர் கொடுத்தார். அதற்குமேல் ஐயாயிரம் ரூபாயும் கொடுத்தார். "உன் கவனக் குறைவுதான், இருந்தாலும் மனசு கேட்கவில்லை" என்று சொல்லிக் கொடுத்தாராம். இளைஞரும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார்.

"யாரிடமாவது எழுதிக் கொடுத்தீர்களா, தம்பி?" என்று கேட்டோம்.

அவர் பதில் சொல்லவில்லை. உம்மாதான் சொன்னார்: "எழுதி என்ன ஐயா ஆகப் போவுது? எல்லாம் நசீபு!"

நசீபு, விதி, தலையெழுத்து - பெயர் எதுவானாலும் பொருள் ஒன்றுதான். அந்த அம்மையாரின் நம்பிக்கையைக் குறை சொல்ல நாம் யார்? ஆனால் கடவுளின் கணக்கில் எழுதத் தகாத சில குற்றங்களையும் நாம் அவர் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம் என்பதுதான் நமக்குள்ள வருத்தம்.

வண்டியின் வால்

போர்க்லிப்ட் வண்டியை நேயர்களில் பலர் பார்த்திருப்பார்கள். துறைமுகத்திலும் ரயில்வே கூட்ஸ் ஷெட்டிலும் பெரிய கடைகளின் கிடங்கிலும் இரண்டு இரும்பு நாக்குகளை நீட்டிக்கொண்டு ஓடும் வண்டி அது. 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிளார்க் கம்பெனியார் தங்கள் தொழிற்சாலைக்குள்ளே சாமான் கொண்டுபோகச் செய்த மோட்டார் வண்டி ஒன்றிலிருந்து வளர்ந்து வந்த இந்த யந்திரம், இரண்டாவது உலக யுத்தத்தின்போது உலகமெங்கும் பரவிற்று. பத்துப் பேர் சேர்ந்து சுமக்கும் சுமையை ஒரே தூக்கில் தூக்கிவிடும். மனிதனின் முதுகெலும்புக்கு அது செய்திருக்கும் உபகாரம் சாமானியமானதல்ல. ஆகவே யந்திரத்தை நாம் திட்டப் போவதில்லை.

ஆனால் அதன் சுபாவத்தை அறிந்துகொள்ள வேண்டும். சாதாரண மோட்டார் காரில் திரும்புவது முன் சக்கரம். போர்க்லிப்டிலோ திரும்புவது பின் சக்கரம். ஆகையால், முன்பக்கம் ஒரு புறம் திரும்பும்போது பின்பக்கம் மறுபுறமாக வீசிச் செல்கிறது. முதலை வாலைச் சுழற்றுவது போல என்று சொல்லலாம். முன்னால் தூக்கும் பாரத்துக்குச் சரியான எதிர்ப் பாரமாகப் பின்னால் ஒரு பெரிய இரும்புக் கட்டியை வைத்திருக்கிறார்கள். எனவே சுமையில்லாத வண்டியின் கனமெல்லாம் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான். இரண்டரை டன் தூக்கும் வண்டி ஏறக்குறைய 4 டன் இருக்கும். சிறிய மோட்டார் கார்கள் நான்கு சேர்ந்த எடை! அது மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது மனிதன் மெல்ல ஓடும் வேகத்தில், போனால்கூட ஒரு விநாடியில் ஒன்பது அடி கடந்துவிடும்.

இன்னொன்று. சுமையை உயரத் தூக்கிக்கொண்டு வேகமாகத் திரும்பினால் வண்டி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அப்போது ஓட்டுகிறவனுக்கு வெளியே குதிக்கத்தான் தோன்றும். குதித்தவன்மேலேயே வண்டியின் மேற்கூண்டு வந்து விழும். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, ஸ்டீரிங்கை இறுகப் பிடித்து, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து உள்ளேயே இருப்பவன் பெரும்பாலும் பிழைப்பான். இது யாருக்கும் இயல்பாக வரும் அறிவு அல்ல. சொல்லிக் கொடுத்தால்தான் வரும்.

யாருடைய கவனக் குறைவு?

இப்பொழுது பத்தமடை இளைஞரின் விஷயத்துக்கு வருவோம். அவர் கவனக் குறைவாக இருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சில கேள்விகள் இருக்கின்றன.

வண்டி போகும் பாதை இது, மனிதர் நடக்கும் பாதை இது என்று தரையில் ஒரு கோடாவது போட்டிருந்தார்களா? இல்லை. வண்டி ஓடும் நேரத்தில் அடுக்கின் அருகே நின்று மூட்டை எண்ணும்படி சொன்னது யார்? மேஸ்திரி. வண்டியின் வால் வீசும் என்று இளைஞருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? இல்லை. வண்டியை ஓட்டியவராவது முறையாகப் பயின்றவரா? லாரி ஓட்டத் தெரிந்தவர். 'இதுவும் வண்டிதானே' என்று ஏற்றிவிட்டார்கள். காலுக்கு என்ன போட்டிருந்தார்? ரப்பர் செருப்பு.

ஐந்து இடத்தில் ஐந்து பேர் தவறியிருக்கிறார்கள். ஆறாவதாக, களைத்துப் போன மாலை வேளையில் இளைஞர் ஒரு கணம் தவறினார். இதில் அந்த ஆறாவது தவறுக்கு மட்டும் 'கவனக் குறைவு' என்று பெயர் வைத்து, அதன் தண்டனையையும் அவர் காலிலேயே எழுதிவிடுவது என்ன நியாயம்?

மனிதன் சில சமயம் மறப்பான், களைப்பான், வேறு நினைவாக இருப்பான். அவன் மறந்தாலும் உயிர் பிழைக்கும்படி இடத்தை அமைத்து வைப்பதுதான் பாதுகாப்பு. ஒருபோதும் மறக்காத மனிதனை வைத்துத்தான் கிடங்கு நடத்த முடியும் என்றால், அதற்குத் தேவர்களைத்தான் கூலிக்கு அமர்த்த வேண்டும்! நடைபாதையைப் பிரிப்பது முதற் காவல், பயிற்சி இரண்டாவது, மூலை திரும்பும்போது ஹார்ன் அடிப்பதும், நாக்குகளைத் தாழ்த்திக்கொண்டு ஓட்டுவதும், சுமை கண்ணை மறைத்தால் பின்னோக்கி ஓட்டுவதும் மூன்றாவது. இரும்பு முனை வைத்த பூட்ஸ் கடைசிக் காவல்தான். ஆனால் நம் ஊர்க் கிடங்குகளில் முதற் காவலும் இல்லை. கடைசிக் காவலும் இல்லை.

நதிக்கரையில் நடந்த சரித்திரம்

இந்தக் கேள்விகள் தாமிரபரணிக் கரைக்குப் புதியவை அல்ல. நதி மலையை விட்டு இறங்கும் பாபநாசத்தில், 1880களிலேயே ஹார்வி சகோதரர்கள் அருவி நீரின் சக்தியால் ஓடும் பஞ்சாலையை அமைத்தார்கள். 1888ல் தூத்துக்குடியில் கோரல் ஆலை வந்தது. வயலில் ஏரின் பின்னால் நடந்தவனும், வீட்டுக்குள்ளே தறியில் இருந்தவனும் முதல் முதலாக யந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றது அப்போதுதான். ஏர் மாடு மனிதன் விழுந்தால் நின்றுவிடும். தோல் பெல்ட்டும் பல் சக்கரமும் நிற்பதில்லை.

1908 பிப்ரவரி 27ந் தேதி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தார்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். கூலி உயர்வும், வார விடுமுறையும், வேலை நேரத்தில் குறைவும் அவர்களுடைய கோரிக்கைகள். சில நாட்களில் ஆலையார் இணங்கினார்கள். கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது. அந்த வெற்றியின் ஆரவாரம் அடங்குமுன்பே, மார்ச் 12ந் தேதி தலைவர்கள் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி நகரம் கொந்தளித்தது. இவையெல்லாம் நேயர்கள் அறிந்த சரித்திரம்.

இதில் நாம் சாதாரணமாகக் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் உண்டு. வ. உ. சி. கப்பல் விட்டது தேசத்தின் வியாபாரத்துக்காக. ஆனால் ஆலை வாசலில் போய் நின்றது தேசத்தின் கூலிக்காரனுடைய உடம்புக்காக. ஓய்வு நாள் என்பது என்ன? களைத்த உடம்பு யந்திரத்தில் விழாமல் இருப்பதற்குள்ள முதல் வேலி அல்லவா? சுதேசி என்பது எந்தச் சாமான் எங்கே செய்யப்பட்டது என்பதோடு நின்றுவிடும் விஷயமல்ல, அதைச் செய்த கை எப்படி இருக்கிறது என்பதும் சுதேசிதான் என்று அந்தப் பெருமகனார் செய்து காட்டினார். இன்று தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது?

தொழிலாளிக்குக் காயம் பட்டால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் 1923ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1924 ஜூலை முதல் அமலுக்கு வந்தது. அதன் முக்கியமான தத்துவத்தை ஒவ்வொரு குடும்பத்தாரும் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாளியின் குற்றத்தைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நேர்ந்தது என்றால் போதும். 'உன் கவனக் குறைவு' என்பது பதிலாகாது. குடித்திருந்தது, பாதுகாப்புக்கென்று இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியது - இவை மட்டுமே விலக்கு. உயிர் போனாலும், முழு ஊனம் நேர்ந்தாலும், அந்த விலக்குகளும் செல்லா. மேஸ்திரி மூலம் வந்த ஆள் என்று கிடங்குக்காரர் கைகழுவவும் முடியாது. மேஸ்திரி கொடுக்காவிட்டால் அவரே கொடுக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு. படிக்கும்போது உடம்பு சற்று நடுங்கும். கைப் பெருவிரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு நஷ்டம். ஆள்காட்டி விரல் போனால் 14. ஒரு கண் போனால் 40. கால் பெருவிரல் அடியோடு போனால் 14. மனிதனை இப்படித் துண்டு துண்டாக விலை போடலாமா என்று தோன்றும். ஆனால் அட்டவணை இல்லாத காலத்தில் அந்த விரல்களுக்கு என்ன விலை இருந்தது? ஒன்றுமே இல்லை!

நம் பத்தமடை இளைஞரின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். மாதச் சம்பளம் 12,000 ரூபாய். வயது 25. சட்டத்தின்படி சம்பளத்தில் நூற்றுக்கு 60 பங்கை எடுத்து, அந்த வயதுக்குரிய 216.91 என்ற எண்ணால் பெருக்கி, வந்ததில் நூற்றுக்கு 14 பங்கு கணக்கிட வேண்டும். வந்த தொகை சுமார் 2,18,600 ரூபாய்.

அவர் பெற்றது ஐந்தாயிரம். அதையும் தர்மம் என்று நினைத்துக்கொண்டு பெற்றார்!

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தலங்களில் பெரும்பாலும் ஈ. எஸ். ஐ. திட்டம் இருக்கும். 1948ல் சட்டமாகி, 1952ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு வேலையில் காயம் பட்டால் வைத்தியமும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 90 பங்கும், நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் தொகையும் உண்டு. சிறிய இடங்களில் வேலை செய்பவர்களுக்குத்தான் நஷ்டஈட்டுச் சட்டம் கதி. 2025 நவம்பர் 21ந் தேதி முதல் இந்தப் பழைய சட்டங்களின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பெயர் மாறினாலும் நஷ்டஈட்டின் தத்துவம் மாறவில்லை.

பாய் நெய்யும் உம்மாவின் முழங்காலுக்கு மட்டும் எந்த அட்டவணையும் இல்லை. அவருக்கு முதலாளி இல்லை. ஆகையால் நஷ்டஈடு கேட்க வாசலும் இல்லை. பாயை வாங்கும் நாம் பேரம் பேசாமல் நியாயமான விலை கொடுப்பதுதான் அவருக்குள்ள ஒரே காப்பு. அடுத்த முறை விலையைக் குறைக்கச் சொல்லுமுன் அந்தச் சுவரைப் பிடித்து எழும் கையை நினைத்துக்கொள்வோமாக.

நம் பேனாவுக்கு வேலை

இதையெல்லாம் படித்துவிட்டு, 'பாவம்!' என்று சொல்லிப் பத்திரிகையை மடித்து வைத்துவிடலாம். ஆனால் நேயர்களால் ஆகக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது.

சட்டம் இருந்தும் அந்த இளைஞருக்குக் கிடைக்காமல் போனதன் காரணம், அவர் பக்கத்தில் ஒரு காகிதமும் இல்லாததே. எழுதப்படாத விபத்து நடக்காத விபத்தாகிவிடுகிறது. நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் மகன், தெருவில் காய்கறி விற்பவரின் தம்பி, நம் உறவிலேயே ஆலைக்குப் போகும் பையன் - இவர்களில் யாருக்காவது காயம் பட்டது என்று தெரிந்தால், அன்றைக்கே ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். எந்தத் தேதி, எந்த நேரம், எந்த இடம், எந்த யந்திரம், பக்கத்தில் இருந்தவர் யார் என்று எழுதுங்கள். 'வேலையின்போது நேர்ந்த காயம்' என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டரைக் குறிக்கச் சொல்லுங்கள். கீழே விழுந்ததாகவோ வீட்டில் அடிபட்டதாகவோ எழுத விடாதீர்கள். சம்பளம் வாங்கியதற்கு என்ன அத்தாட்சி உண்டோ, அதைப் பத்திரப்படுத்துங்கள். முதலாளிக்கு எழுத்து மூலமாக அறிவித்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையின் நஷ்டஈட்டு அதிகாரிக்கு மனுச் செய்யலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையா? ஜில்லாக் கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தொழிலாளிக்கு இலவசமாகவே உதவி செய்வார்கள்.

நேயர்களில் கடையோ கிடங்கோ ஆலையோ வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக் காலையில் ஒரு டப்பாப் பெயின்டும் ஒரு தூரிகையும் வாங்கித் தரையில் ஒரு கோடு போடுங்கள். மனிதன் இந்தப் பக்கம், வண்டி அந்தப் பக்கம். அதற்கு ஆகும் செலவு, ஒரு கால் விரலின் விலைக்கு எவ்வளவோ குறைவு.

புறப்படும்போது அந்த இளைஞரின் வரலாற்றை இரண்டு பக்கம் எழுதி, அவரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். மனுச் செய்ய வேண்டிய இரண்டு வருஷக் கெடு கடந்துவிட்டது. ஆனாலும் தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. முடிவு என்ன ஆகுமோ, நமக்குத் தெரியாது. உம்மா அந்தக் காகிதத்தை வாங்கி, எழுத்துத் தெரியாதபோதிலும் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தறியடியில் கிடந்த சிறிய பாய்த் துண்டு ஒன்றை எடுத்து, காகிதம் கசங்காமல் அதற்குள் சுருட்டி, மகன் கையில் கொடுத்தார்.

"நாளைக்கே போய்க் கொடுத்துட்டு வா" என்றார்.